நூறிலிருந்து ஏழு ஏழாக

அவர் பெயரைச் சொல்ல முடியாது.
வேலையை மாற்றியிருக்கிறேன். வயதைச் சற்றுக் கூட்டியிருக்கிறேன்.
ஈசூனில் வசிக்கிறார் என்று எழுதினால்
ஈசூனில் வசிக்கவில்லை என்று கொள்ளுங்கள்.
ரகசியம் காப்பேன் என்ற படிவத்தில்
ஒவ்வொரு பக்கமும் கையெழுத்திட்டிருக்கிறேன்.
கவிதைக்கு விலக்கு உண்டா என்று
எந்தப் பக்கத்திலும் இல்லை.

நாற்பத்து மூன்று வயதில் முதுகலை.
பதினேழு ஆண்டுகள் பாசிர் பாஞ்சாங்கில்
கொள்கலன் எண்களைச் சரிபார்த்தவள்,
இப்போது கென்ட் ரிட்ஜ் மேட்டில்
மூச்சு வாங்க ஏறுகிறேன்.
வெள்ளிதோறும் நடிப்புப் பயிற்சி.
இருபத்து நான்கு வயது ஷுவென்
துணையை இழந்தவளாக நிஜமாகவே அழுவாள்,
நான் திசுத்தாள் பெட்டியை நகர்த்துவேன்.
நகர்த்தியது தவறு,
அழுகையை நிறுத்தச் சொல்வதுபோல் ஆகிவிடுகிறதாம்.
அடுத்த வாரம் நகர்த்தவில்லை.
அதற்கும் ஒரு குறிப்பு வந்தது.

பிறகு, நிஜமானவர்.
நோயாளி என்று சொல்லக்கூடாது.
வாடிக்கையாளர் என்றால் மளிகைக்கடை,
கட்சிக்காரர் என்றால் நீதிமன்றம்.
வந்தவர், என்று வைத்துக்கொண்டேன்.
"மனச்சோர்வு உண்டா?" என்று கேட்டதற்கு
வந்தவர் யோசித்தார்:
"சோர்வெல்லாம் இல்லம்மா.
சோறு தொண்டையில நிக்குது, அவ்வளவுதான்."
எந்தக் கட்டத்தில் டிக் போடுவது?

ஐம்பது நிமிட ஒலிப்பதிவை
எழுத்தாக்க ஆறு மணி நேரம்.
(மௌனம், பதினோரு விநாடி) என்று தட்டச்சினேன்.
அந்தப் பதினொன்றில்
குளிர்சாதனம் ஒருமுறை இருமியது,
தாழ்வாரத்தில் யாரோ சிரித்துக்கொண்டு போனார்கள்.
"ம்" என்று நாற்பத்தேழு முறை சொல்லியிருக்கிறேன்.
பாதி "ம்"களில்
அடுத்த கேள்வியைத் தேடிக்கொண்டிருந்தேன்.
என் குரலே காட்டிக்கொடுக்கிறது.

மூன்றாவது சந்திப்பில் கவனச் சோதனை.
நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள்.
கண்ணாடிக்கு அப்பால்
என்னைவிடப் பத்து வயது இளைய மேற்பார்வையாளர் ஹுய் லிங்,
தமிழ் தெரியாதவர், என் முகத்தை மட்டும் படிக்கிறவர்.

"தொண்ணூத்தி மூணு" என்றார் வந்தவர்.
"எம்பத்தாறு. எழுபத்தொம்பது."
நான் தொலைந்துபோனேன்.
கணக்கை ஆங்கிலத்தில் படித்த பிள்ளை நான்.
தமிழ் வகுப்பில் கட்டுரைக்குத் தங்கப் பேனா வாங்கியவள்,
தொண்ணூறா எண்ணூறா என்பதில்
இன்றும் ஒரு நொடி தடுக்குபவள்.
பேனா தாளுக்குச் சற்று மேலே நின்றது.

அவர் பார்த்துவிட்டார்.
"எழுபத்தி ரெண்டு" என்று மெதுவாகச் சொல்லி
ஏழு விரல்களைக் காட்டினார்,
மடக்கி, இரண்டைக் காட்டினார்.
நான் எழுதி முடிக்கும்வரை
இரண்டு விரல்களும் காற்றில் இருந்தன.
இதை மட்டும் மாற்றவில்லை.

அறுபத்தைந்துவரை கூடவே வந்தேன்.
மதிப்பெண்: ஐந்துக்கு ஐந்து.
தூக்கம் கெட்ட, சோறு இறங்காத மனிதர்
எதிரில் இருப்பவள் திணறுவதைக் கண்டு
விரல் நீட்டியதற்கு
அந்தத் தாளில் இடம் இல்லை.

"கவனம் எப்படி?" என்றார் ஹுய் லிங்.
"என்னுடையதைவிட மேல்."
அவர் சிரிக்கவில்லை.
"அதை எழுதுங்கள்" என்றார்.
எங்கே என்று சொல்லவில்லை.

நேரடித் தொடர்பு, ஐம்பது நிமிடம்.
பயிற்சி ஏட்டில் சேர்த்தாயிற்று.
இன்னும் அறுநூற்றுச் சொச்சம் மணி பாக்கி.
பேருந்து நிறுத்தத்தில் மழை பிடித்துக்கொண்டது.
நூறு, தொண்ணூற்று மூன்று என்று
உதட்டுக்குள் இறங்கிப் பார்த்தேன்.
ஐம்பத்தெட்டில் நின்றுவிட்டேன்,
பக்கத்துப் பெண்
தன் பையைச் சற்று நகர்த்திக்கொண்டாள்.