மறுகா

குருமண்வெளித் துறையில் பாதை பிந்தித்தான் வந்தது.
மோட்டார் சைக்கிளில் கொழுவியிருந்த பையை எட்டிப் பார்த்து
"கம்பளியா சேர், இந்த வெயிலுக்கா?" என்றார்
பாதை ஓட்டும் பேரின்பம்.
கனடாவிலிருந்து மச்சாள் அனுப்பியது.
சுற்றியிருந்த தாளில் பனி மூடிய ஒரு வீடு.
பந்து பதினொன்று. ஊசி ஒன்பது.
அக்கரையில் பிள்ளைகள் இருபத்து மூன்று.

நான் அரசறிவியல் படித்தவன்.
நியமனக் கடிதம் வரும்வரை தொண்டர் ஆசிரியன்.
'வரும்வரை' என்று சொல்லத் தொடங்கி
இந்த மாரியோடு நாலு வருசம்.
வியாழன் கடைசிப் பாடத்துக்கு ஆளில்லை,
ஏழாம் வகுப்புக்கு என்னவாவது படிப்பியுங்க,
சத்தம் மட்டும் வரக்கூடாது என்றார் அதிபர்.

ராத்திரி அறையைச் சாத்திக்கொண்டு
போனில் ஒருத்தியின் விரல்களைப் பார்த்துக் குரோசே பழகினேன்.
முகம் காட்டமாட்டாள். நகத்தில் ஊதாப் பூச்சு.
டேட்டா முடிகிற இடத்தில் பாடம் முடியும்.
பிள்ளைகளைவிட ஒரு கிழமை முன்னால் நான்;
சில கிழமை, ஒரேயொரு ராத்திரி.

கண்ணி போடு. ஊசியை விடு.
நூலைக் கொளுவு. இழு.
"மறுகா சேர்?"
மறுகாவும் அதுதான்.
"அதுக்கு மறுகா?"

வியர்த்த விரலில் கம்பளி ஒட்டியது.
ஊசி காணாதென்று
சைக்கிள் கம்பியைத் தேய்த்து வளைத்து ஆறு ஊசி கொண்டுவந்தான் லதுஷன்.
யாருடைய சைக்கிள் என்று நான் கேட்கவில்லை,
அதிபர் ஒரு கிழமை நடந்து வந்தார்.
அவனுடைய கண்ணியில் ஊசியே நுழையாது, அத்தனை இறுக்கம்.
இளக்கமாப் போடு மனே என்றேன்.
"இளக்கினா மீன் போயிரும் சேர்."

மூன்றாம் கிழமைதான் எனக்கே விளங்கியது:
அந்தப் படம் கண்ணாடிபோல் இடம்வலம் மாறியது.
ஊசி இடக்கையில் என்று நம்பிப் பழகி
இருபத்து மூன்று பேரையும்
இடக்கையில் பிடிக்கவைத்திருக்கிறேன்.
சொல்லிவிடத்தான் அன்று வகுப்புக்குப் போனேன்.

பின்வாங்கில் கிதுஷா.
முதலாம் வகுப்பிலிருந்தே அவளின் பென்சிலைப்
பிடுங்கி மற்றக் கைக்கு மாற்றியிருக்கிறார்கள்,
கொப்பியில் எழுத்தெல்லாம் காற்றடித்த வேளாண்மைபோல் சரிந்து கிடக்கும்.
'அது சோத்துக்கை இல்ல' என்று
கல்யாண வீட்டில் யாரோ அறைந்ததும் உண்டாம்.
நான் நாலு ராத்திரி மாரடித்த பூவை
அவள் மணியடிக்கமுன் முடித்து மேசையில் வைத்தாள்.
பக்கத்தில் ரெண்டு பேர் வாங்கை இழுத்துப் போட்டு
"எங்கால கா விடுறாய் ஊசியை?" என்று குனிந்திருந்தார்கள்.
நான் சொல்லவில்லை.
அடுத்த வியாழனும் சொல்லவில்லை.

வலயத்திலிருந்து ஆசிரிய ஆலோசகர் வந்தார்.
வாசலிலேயே நின்றுவிட்டார்.
"எல்லாரும் இடக்கையா?"
எனக்கு எச்சில் இறங்கவில்லை.
"இது இடக்கைப் பாடம் சேர்" என்றாள் கிதுஷா,
தலை நிமிராமல்.
"செய்த பொருட்கள் எங்கே?"
பொருள் ஒன்றுமில்லை.
பதினொரு பந்துதான், கிழமைக்குக் கிழமை அவிழ்த்துத்தான்
அடுத்ததைத் தொடங்குகிறோம்.
அவிழ்த்த நூலைத் தூக்கிக் காட்டினார்கள்:
நேராகாமல், கண்ணி கண்ணியாய்ச் சுருண்டு,
இப்போதுதான் தலைக்குளித்த பிள்ளையின் மயிர்போல.
அதை அவர் தொட்டுப் பார்த்தார். இழுத்தும் பார்த்தார்.
விட்டதும் அது திரும்பச் சுருண்டது.
பிறகு ஏதோ எழுதினார், வலக்கையால்.

பொழுதுபடப் பாதையில் நானும் ரெண்டு மாடும்
தயிர்ச்சட்டிக்காரர் ஒருவரும்.
"கடிதம் ஏதும்?" என்றார் பேரின்பம்.
இல்லை.
"மறுகா?"
வாவி இன்னும் பாதித் தூரம் கிடந்தது.
பைக்குள் ஒரு பந்து அவிழ்ந்து
பிரேக் கம்பியில் சிக்கியிருந்தது.
குந்தியிருந்து எடுக்கத் தொடங்கினேன்.