எழுவாய்

‘நடந்துட்டு’ என்றுதான் முதலில் சொன்னேன்.
மழை வந்துட்டு, கரண்ட் போயிட்டு
என்பதைப் போல.

முக்கூடலில் பீடிக் கடைக்குப் பின்னால்
இலை மூட்டை அடுக்கிய அறை.
எடை பார்த்து வாங்கிக்கோ என்று கூப்பிட்டான்.
ஈர இலை வாசம்.
சுவரில் போன வருசத்துக் காலண்டர்,
கிழிக்காத ஆவணி.
இதெல்லாம் என்னிடம் இருக்கிறது.
நடுவில் கொஞ்சம் இல்லை.

ஆயிரம் பீடிக்கு உரிய இலையும் தூளும்
சரிபார்த்து வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன்.
அதற்காகவே பதினோரு நாள் என்னைத் திட்டினேன்.
சரிபார்த்தாயே.
கத்தவில்லையே.
கத்தரி இடுப்பில்தானே இருந்தது.

ஆற்றில் மூன்று தரம் குளித்தேன்.
மஞ்சள் தீர்ந்தது, சோப்பு தீர்ந்தது.
தாமிரபரணி ஒன்றும் கேட்கவில்லை,
அதுபாட்டுக்குக் கிழக்கே போனது.

கண்டுபிடித்தவள் ஆவுடைத்தங்கம்.
என் முகத்தைப் பார்த்து அல்ல,
கட்டைப் பார்த்து.
‘ஏட்டி, ஒம் பீடி இப்படி நூல் தளந்து கெடக்காதே,
பூராவும் கழிவுல போட்டிருவான்லா.
என்ன செஞ்சான்?’
என்ன ஆச்சு என்று கேட்கவில்லை.
என்ன செஞ்சான் என்றாள்.
மடியிலிருந்த சொளவு சரிந்து
தூள் முழுக்கத் தரையில் கொட்டியது.

மதினி கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள்:
‘ஊரு ஒன்னையத்தான் பேசும்.’
பொய்யில்லை. பேசியது.
இன்னும் பேசுகிறது.

ஆவுடைத்தங்கம் தன் போனில்
நூற்றி எண்பத்தொன்றை அடித்து
என் காதில் வைத்தாள்.
எனக்குப் பேச்சு வரவில்லை.
‘அவசரமில்லம்மா, நான் லைன்லயே இருக்கேன்.’
அந்தப் பக்கம் யாரோ டம்ளர் வைக்கும் சத்தம்.
அதைப் பிடித்துக்கொண்டுதான் பேசினேன்.

பாளையங்கோட்டை, ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி.
போலீசில் எழுதிக் கொடுத்தாயா என்று
வாசலில் யாரும் மறிக்கவில்லை.
‘குளிச்சிட்டேன்’ என்றேன், திருடியவளைப் போல.
‘பதினோரு நாளாச்சு.’
‘வருசம் ஆனாலும் வரலாம்’ என்றார் டாக்டர்.
‘நான் கத்தல.’
‘பயத்துல உடம்பு கட்டையாயிரும்.
அதுக்குப் பேரு சம்மதம் இல்ல.’
கையுறை மாட்டி நின்றார்.
‘தொடலாமா?’

இதுவரை ஒருத்தரும் என்னைக் கேட்டதில்லை.
கல்யாணத்தன்று ராத்திரி கூட.
நிஜமாகத்தான் கேட்கிறாரா
என்று எனக்குப் பார்க்க வேண்டியிருந்தது.
‘வேண்டாம்.’

கை பின்னால் போனது.
அவ்வளவுதான்.
ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.
ஃபேன் சுற்றியது.
வெளியே யாருக்கோ டோக்கன் நம்பர் கூப்பிட்டார்கள்.
அந்த ஒரு சொல்
இலை அறையில் செத்துவிட்டது என்றல்லவா நினைத்திருந்தேன்.
அரை மணி கழித்து நானே சொன்னேன்,
‘சரி, இப்ப.’

ஸ்டேஷனில் எழுதிக்கொண்டவள் ஜெபக்கனி.
‘நடந்துட்டு’ என்று ஆரம்பித்தேன்.
பேனா நின்றது.
எட்டாவதோடு பள்ளிக்கூடம் விட்டவள் நான்.
யார் என்று கேட்டால் எழுவாய் வரும்:
அது மட்டும் மறக்கவில்லை.
‘யாரு?’ என்றாள்.
இனிஷியலோடு சொன்னேன்.
தப்பில்லாமல் எழுதும்வரை
எழுத்தெழுத்தாகச் சொன்னேன்.
‘உங்க பேரு வெளிய வராது’ என்றாள்.
இதிலும் இல்லை.

கேஸ் வாய்தாவில் இருக்கிறது.
ஜாமீனில் வந்தவன்
கடைத்தெருவில் நன்னாரி சர்பத் குடிக்கிறான்.
பார்த்துவிட்டால் அன்றைக்கு
ஒரு கட்டுகூட ஓடாது எனக்கு.
மாதம் ஒருதரம் பஸ் ஏறி
கவுன்சலிங் அம்மாவிடம் போகிறேன்.
சில தடவை ஒன்றும் பேசாமல் திரும்புகிறேன்.
அதுவும் கணக்கில் உண்டாம்.

இப்போது வேறு கடை.
முதல் நாள் கடைக்காரர் இலை அறை வாசலில் நின்று
‘உள்ள வா, எடை பாத்துக்கோ’ என்றார்.
நல்லவராகவே இருக்கலாம்.
‘தராச வெளிய கொண்டாரும்’ என்றேன்.

கொண்டுவந்தார்.