பசியாறுங்க

டேப்லட்டுக்குள் முதலில் இருந்தவள்
செய்தி வாசிக்கும் குரல்காரி.
"காலை உணவை உட்கொள்ளவும்" என்றாள்.
தனபாலன் அவளை மரியாதையாகப் பார்த்தார்,
அசையாமல் உட்கார்ந்திருந்தார்.
ரொட்டி சானாய் விறைத்தது, மைலோவில் ஏடு கட்டியது.

மறுநாள் அவளை நீக்கி
என் குரலை ஏற்றினேன்: "பசியாறுங்க."
கை தட்டுக்குப் போனது.

ஜெலுத்தோங் நெடுஞ்சாலையில் மோட்டார் சறுக்கி
இரண்டு வருஷமும் ஒரு மழைக்காலமும்.
பாலத்தைக் காட்டினால் பெயர் சொல்வார்.
முதல் பொத்தானுக்குப் பிறகு
இரண்டாவது பொத்தான் உண்டு என்பது மட்டும்
தினமும் காலையில் புதுச் செய்தி.

அதனால் படங்கள்.
பிரஷ். பற்பசை. குழாயைத் திறங்க.
குழாயை மூடுங்க.
மூடுவதற்குத் தனிப் படம் வேண்டுமென்று
ஒரு மாதத் தண்ணீர் பில் கற்றுத் தந்தது.
சிவப்புக் கட்டத்துக்குள் அடுப்பு: தொடாதீங்க.

டெரபிஸ்ட் ஊய் சொல்லியிருந்தார்,
ஒரு படத்துக்கு ஒரு வேலை,
எல்லா வாக்கியத்துக்கும் ஒரே சுருதி,
கோபம் கலக்கக் கூடாது.

கலக்கவில்லை.
பாயான் லெப்பாஸ் ஆலைக்கு லீவு போட்ட ஒரு ஞாயிறு
விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி,
வியர்க்க வியர்க்க
நாற்பத்தாறு வாக்கியம் பதிந்தேன்.
முந்தின இரவு நன்றாகத் தூங்கியிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்காரிதான்
இப்போது அவரோடு குடித்தனம் நடத்துகிறாள்.
அவள் சொன்னால் குளிக்கிறார்.
இரவு ஷிப்ட் முடிந்து வந்து நான்
"எத்தன தடவ சொல்றது" என்றால்
திரையைத் திரும்பிப் பார்க்கிறார்,
யார் இந்த அம்மா என்று விசாரிப்பதுபோல.
அவளுக்குக் கால் வலிப்பதில்லை.
நாற்பத்தேழாவது வாக்கியம் அவளுக்குத் தெரியாது.

போன வியாழன் ஃபேக்டரி பஸ் தாமதம்.
ஆயர் ஈத்தாம் முக்கிலேயே அரைமணி.
வீட்டுக்குள் வந்தால், டேப்லட்டில்
நான் வைக்காத ஒரு படம்.
கோணலாக, ஓரத்தில் பாதி விரல் மறைத்து,
வாசலில் நான் செருப்பு விடும் இடம்.
செருப்பு இல்லை.
ரப்பர் பாயில் இரண்டு வெளிறிய தடம்.
எழுத்து இல்லை, குரல் இல்லை.
நேரம் மட்டும்: ஏழு பத்து.
நான் வழக்கமாக வரும் நேரம்.

"விரல் தவறிப் பட்டிருக்கும்," என்றார் ஊய்.
"படம் எடுத்த நேரத்தை அதுவே குறித்துக்கொள்ளும்."
இருக்கும்.
அழிக்க எந்த பட்டன் என்று
நான் கேட்கவில்லை.

இப்போது தினமும் ஏழு பத்துக்கு மணி அடிக்கிறது.
இந்தப் படத்துக்கு என்ன வேலை என்று
யாரும் அவருக்குச் சொல்லவில்லை.
எழுந்து வருகிறார்.
மூன்றாம் பொத்தான் நாலாம் துளையில்.
கதவைத் திறந்தால் நிற்கிறார்,
என் கையில் தொங்கும் நாசி லெமாக் பையைப் பார்க்கிறார்,
என்னைப் பார்க்கிறார்.
"பசியாறுங்க" என்கிறார்,
அவளுடைய அதே சுருதியில்.

அவருக்கா, எனக்கா,
தெரியவில்லை.
செருப்பைக் கழற்றினேன்.