பள்ளியை அடையும் வழி

பல்லடம் பேருந்தை விட்டு இறங்கினால் அரைமைல் நடை.
இருபக்கமும் தறிக்கூடங்கள்.
ரகசியத்தையும் கத்தித்தான் சொல்லியாக வேண்டிய ஊர்.
கள்ளிமேட்டுப்பாளையம், ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளி.
என் கைப்பேசியில் எழுபத்திரண்டு கேள்விகள்,
ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் மூன்று வரை.

கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள்: இருக்கிறது. மூன்று.
வருகை: நோம்பி வாரத்தைத் தவிர்த்தால் நன்று. மூன்று.
வாசிப்பு மூலை: இருக்கிறது.
புத்தகங்களின் முதுகு இன்னும் ஒடியவில்லை. ஒன்று.
திறன்பலகைக்கு மஞ்சள் பூப்போட்ட போர்வை.
தினமும் துடைக்கிறார்கள்.
துடைப்பதற்கு மதிப்பெண் உண்டா என்று தேடிப் பார்த்தேன்.

பெற்றோர் கூட்டத்துக்கு வந்தவர்கள் ஒன்பது பேர்.
பதிவேட்டில் அடுத்த பக்கத்தைப் புரட்டினால்
வேறு மையில் நாற்பத்தொரு கையொப்பம்,
பாதி பெருவிரல் ரேகை, நேரம் இரவு எட்டேகால்.
“ஷிப்ட் மாறுற நேரத்துல தறிக்கூடத்துக்கே போயிர்றதுங்,”
என்றார் தலைமையாசிரியர் சுகந்தமணி.
“கத்தித்தான் பேசோணும்.
பையன் நல்லாப் படிக்கறானுங்கறதையும்
சண்டைக்குப் போறவளாட்டம் கத்தித்தான் சொல்லோணும்.”
வளாகத்துக்குள் நடந்த கூட்டத்தை மட்டுமே
படிவம் கேட்கிறது.
ஒன்பது என்று பதிந்தேன்.

நல்ல மனுஷி.
அதற்காக எட்டாம் வகுப்புக்கு வகுத்தல் வந்துவிடுமா?
எண்பத்து நான்கை ஏழால் வகுக்கச் சொன்னேன்.
பத்தொன்பது பேரில் ஆறு பேர்.
கணக்கு வாத்தியார் தேவசிகாமணி
சன்னல் கம்பியைத் துடைப்பதுபோல் நின்றார்.
“போர்ஷன முடிச்சுட்டனுங்க.”
அந்தச் சொல்லை எனக்குத் தெரியும்.
நானும் பதினான்கு வருடம்
போர்ஷனை முடித்தவள்தான்.

நாற்பத்தாறாம் கேள்வி, மாணவரைத் தனியே கேட்க வேண்டியது:
உனக்குப் புரியாதபோது வகுப்பில் என்ன நடக்கிறது?
தனியே என்றால் சத்துணவுக்கூடம்,
அடுக்கிவைத்த முட்டை அட்டைகளின் பின்னால்.
ஆறேழு பேர் ஒரே பதிலை ஒப்பித்துவிட்டுப் போனார்கள்:
கையைத் தூக்குவோம், ஆசிரியர் மறுபடி சொல்வார்.
அப்புறம் ஏழாம் வகுப்பு சஸ்மிதா.
கஞ்சாம் பக்கத்திலிருந்து வந்து
மூன்றே வருடத்தில் இந்தத் தமிழை முழுங்கியவள்.

“ஏனுங் மேடம், ஊடை அறுந்தா
தறி தானா நின்னுக்குமுங்.
எங்கப்பா வந்து இழையச் சேத்தித்தான் மறுக்கா ஓட்டுவாரு.
கிளாஸ் நிக்காதுங்.
அது பாட்டுக்கு ஓடிட்டே இருக்கும்.”

சுகந்தமணி கதவோரம் நின்றிருந்தார்.
சஸ்மிதா அவரைப் பார்த்தாள்.
பார்த்த பிறகும் சொன்னாள்:
“கணக்குக் கிளாஸ்தானுங், மிஸ்.”

எத்தனை போடுவது?
அவள் சொன்ன விஷயத்துக்கு ஒன்று.
தலைமையாசிரியரின் முகத்துக்கு நேரே
சொல்ல முடிந்ததற்கு மூன்று.
கூட்டி வகுத்தால் இரண்டு.
இரண்டு என்பது இந்தப் பள்ளியில் நடக்காத ஒன்று.
காலியாக விட்டேன்.
சிவப்பில் மின்னியது: இது கட்டாயக் கேள்வி.

பொழுதோட கிளம்பும்போது
மதிப்பெண் என்னவென்று சுகந்தமணி கேட்கவில்லை.
“அந்தப் புள்ள சொன்னத எங்கீங் எழுதுனீங்?”
தலை முட்ட இருவரும் படிவம் முழுக்கத் தேடினோம்.
எழுத்தால் நிரப்பும் கட்டம் ஒன்றே ஒன்று:
பள்ளியை அடையும் வழி, இருநூறு எழுத்துக்குள்.

கள்ளிமேடு பிரிவில் இறங்கவும்.
தறிக்கூடங்களுக்கு எதிரில்.
ஊடை அறுந்து தறி நிற்பது ஏழாம் வகுப்புக்குக் கேட்கும்.
வகுப்பில் அறுவது எங்கும் கேட்காது.

சுகந்தமணி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
விரல்விட்டு எண்ணினார்.
“இன்னும் கொஞ்சம் எழுத்துக்கு எடமிருக்குதுங்,” என்றார்.
உள்ளே தேவசிகாமணி
எட்டாம் வகுப்புப் பலகையை அழித்துவிட்டு
எண்பத்து நான்கை மறுபடி எழுதிக்கொண்டிருந்தார்.
மணி அடித்து வெகுநேரம் ஆகியிருந்தது.
வகுப்பில் யாருமில்லை.