பழுதுச் சீட்டு, பார்ட்டன் தெரு, ஹாமில்டன்

லொரெய்ன்,
உன் ஆம்ப் பிழைத்துவிட்டது.
டிரான்சிஸ்டர் நான்கு, ஃபியூஸ் ஒன்று.
கரிந்த பலகையைக் கட்டைவிரல் அகலத்துக்குச் சுரண்டினேன்.
மூடியைத் திறந்ததும் வந்த வாடை
இன்னும் என் ஸ்வெட்டரில் இருக்கிறது.

குற்றவாளியைத் தேட வேண்டாம்:
ரான் விட்டுப்போன அந்த இரண்டாவது பெட்டிதான்.
ஸ்டிக்கர் கிழிந்திருந்தது, எட்டு என்று நீ நம்பிக்கொண்டாய்.
மீட்டர் வைத்தேன். மூன்று புள்ளி மூன்று.
மீட்டர் எப்போதும் கொஞ்சம் குறைத்தே சொல்லும்,
வயதைக் கேட்டால் நாம் சொல்வதைப் போல.
அது நான்கு.
உன் பழையதும் நான்கு.

பெட்டியின் முதுகிலிருந்து அடுத்த பெட்டிக்கு வயர் இழுத்தால்
நான்கும் நான்கும் எட்டாகாது.
இரண்டு.
மண்டபத்துக்கு இன்னொரு கதவு திறந்தாற்போல
கூட்டம் இரட்டிப்பாய் வெளியே பாயும்,
உள்ளே நின்று தள்ளுகிறவனுக்குத்தான் மூச்சு வாங்கும்.

மின்மறுப்பு என்று பெயர் அதற்கு.
ஸ்பீக்கர் கொஞ்சமாவது மறுக்க வேண்டும்.
மறுக்கத் தெரியாததற்குக் கொடுத்துக் கொடுத்தே
ஆம்ப் எரிந்துபோகும்.
அந்த மறுப்பை அளக்க ஓர் அலகு வைத்தார்கள்,
அதற்குப் போய் ஓம் என்று பெயர்.
ராத்திரி இரண்டு மணிக்கு, ஈயம் புகைந்துகொண்டிருக்க,
நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

ஆம்பின் முதுகில் 'நான்குக்குக் கீழே கூடாது' என்று
பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள்.
வெள்ளை நெயில் பாலிஷால் பெரிதாக எழுதிவிட்டேன்,
மேடை இருட்டிலும் தெரியும்.
ஒரு பெட்டி போதும்.
ரானுடையதை விற்றுவிடு, அல்லது அதன்மேல் பீர் வை.
எட்டு ஓம் பெட்டி ஒன்று வாங்கி இதனுடன் சேர்க்கலாமே என்பாய்;
அப்போதும் மூன்றுக்குக் கீழே போய்விடும், போட்டுப் பார்த்துவிட்டேன்.
சுவர் மூலையில் தள்ளி வை, அடித்தொனி தானே பெருகும்.
கித்தார் வயரை ஸ்பீக்கருக்குப் போடாதே.
ஏற்கெனவே சொன்னேன்,
நீ கிரேன் ஷிஃப்டுக்கு ஓடிக்கொண்டிருந்தாய்.

இனி நீ மடித்துக் கொடுத்த அந்தப் பட்டியல்.
புதுப் பிக்கப், புது ப்ரீஆம்ப், பித்தளை பிரிட்ஜ்:
தொள்ளாயிரம் டாலர்.
உன் பணம், உன் இஷ்டம்.
ஆனால் பேஸைக் கையில் எடுத்துப் பார்த்தேன்.
ஸ்டிரிங்குக்கு மூன்று வயதாவது இருக்கும்,
தடவினால் சிப்ஸ் வறுத்த எண்ணெயின் பிசுபிசுப்பு.
ஹீட்டர் காற்றில் கழுத்து வளைந்திருந்தது, கால் சுற்று திருப்பினேன்,
ஒரு ராத்திரி விட்டு, இன்னும் ஒரு துளி.
ஜாக் ஆடிக்கொண்டிருந்தது, ஈயம் வைத்தேன்.
நாற்பது டாலருக்கு ஸ்டிரிங் மாற்றினேன், கேட்காமல்தான்.
இதை ஒரு மாதம் வாசி.
அப்புறமும் பிக்கப் வேண்டுமென்றால் கொண்டு வா,
நானே மாட்டித் தருகிறேன், திட்டிக்கொண்டே.

இன்னொன்று. பில்லில் இல்லாதது.
செப்டம்பரில் லீஜன் ஹாலில் அந்தக் கல்யாணம்,
இரண்டாவது பாட்டில் உன் சத்தம் நின்றதே,
யாரும் கவனிக்கவில்லை என்று சொல்லி
கவுண்டரில் என் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தாய்.
உண்மைதான். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.
பாட்டு போய்க்கொண்டுதான் இருந்தது,
கலம் டிரம்ஸை இன்னும் ஓங்கி அடித்தான்.
ஆடிக்கொண்டிருந்தவர்கள் மட்டும்
ஒருத்தர் ஒருத்தராய்ப் போய் உட்கார்ந்துவிட்டார்கள்,
கால் வலிக்கிறது என்றார்கள், தாகம் என்றார்கள்.
நான் மாப்பிள்ளை வீட்டு மேசையில் இருந்தேன்.
எனக்கும் அப்போதுதான் செருப்பு கடித்தது.

நூற்று எண்பது, ஸ்டிரிங் சேர்த்து.
ஆறு மணிக்கு ஷட்டர் இறங்கிவிடும்.
பின்வாசலில் பனி வாரி வைத்திருக்கிறேன்,
ஆனால் படியில் இரண்டாவது வழுக்கும்.
இதை நீ தனியாகத் தூக்காதே.

ஜோசலின்