நாலு மைக்ரோன் தடிப்பு

ஆராவ் ஆஸ்பத்திரியின் கீழ்த்தளம்.
வெள்ளி பின்னேரம், எல்லாரும் கோட்டைக் கழற்றும் நேரத்தில்
போமலின் வாளியில் வந்தது
இடப்பக்கச் சிறுநீரகம் ஒன்று.
பெயரை நான் பார்ப்பதில்லை. எண் போதும்.
ஆண், பிறந்தது அறுபத்தெட்டில்.
ஸ்கானில் பளிச்சிட்டதாம்.
புற்றென்றே நினைத்து
முழுதாய் எடுத்துவிட்டார்கள்.

டொக்டர் உர்சினா கடுஃப் நீளவாக்கில் பிளந்தார்.
மேல்முனையில் ஒரு கட்டி,
நாவற்பழ அளவு, நிறமும் ஏறக்குறைய அதே.
விரல் பட்டதும் பஞ்சுபோல் அமுங்கியது.
அவர் புருவம் உயர்ந்ததை நான் கண்டேன்.

செவ்வாய் காலை
மெழுகில் உறைந்ததைச் சீவி வெந்நீரில் மிதக்கவிட்டேன்.
மூச்சுப் பட்டாலே சுருங்கிவிடும்;
கீழிருந்து கண்ணாடியைக் கொடுத்து ஏந்த வேண்டும்,
தூங்கும் பிள்ளையைத் தூக்குவதுபோல.

பார்த்தார். பேச்சில்லை.
பிறகு என்னைக் கூப்பிட்டு
எதிர்ப்பக்கத்து வில்லைகளைக் காட்டினார்.
குழாய்கள்.
சேர்ந்து, பிரிந்து, மறுபடி சேர்ந்து,
தினமும் நான் ரயில் மாறும் ஓல்ட்டனின் தண்டவாளங்களை
பாலத்தில் நின்று பார்த்தமாதிரி.
“கொடியது ஒன்றும் இதே படத்தைத்தான் வரையும்” என்றார்.
அது நுரையீரலுக்குப் போகும், ஈரலுக்குப் போகும்.
இது இருந்த இடத்திலேயே இருக்கும்.

பிரியும் கலம் ஒன்றாவது கிடைக்குமா என்று
நாற்பது புலம் எண்ணினார்.
இல்லை.
நம்பாமல் இன்னும் பத்து.
சாயம் கேட்டார், போட்டுக் கொடுத்தேன்:
குழாய்களின் உட்சுவரெங்கும் மெல்லிய கபிலக் கோடு.
சூரிச்சுக்கும் ஒரு கண்ணாடி தபாலில் போனது.
ஒன்பது நாள்.

பதில் ஒரே வரி.
ரத்தக்குழாய்க் கட்டி, தீங்கற்றது.

“நல்ல செய்தி” என்றேன்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
துடைத்துக்கொண்டே இருந்தார்.

அறிவதற்கு அறுக்க வேண்டியிருந்தது.
அறுத்தபிறகுதான் தெரிகிறது,
அறுத்திருக்க வேண்டாம்.
இதை யார் போய் அந்த மனிதனுக்குச் சொல்வார்கள்,
சிரித்துக்கொண்டா?

அலமாரியில் வாளி இருக்கிறது.
உள்ளே, ஒரு நாவற்பழத்தைத் தவிர
குறையொன்றுமில்லாத சிறுநீரகம்.
நாலு கிழமை வைத்திருந்து எரிக்க வேண்டும், அதுதான் விதி.
மூடியில் திகதி ஒட்டும்போது
ஒரு கிழமையைக் கூட்டி எழுதினேன்.

ஏனென்று தெரியாது.
திருப்பிப் பொருத்தவா போகிறார்கள்.