நாற்பத்தோரு விநாடி

கோயென்ஜியில் அதிகாலை மூன்று.
கீழே ராமென் கடைக்காரர் ஷட்டரை இழுத்துவிட்டார்.
என் திரையில் இன்னும் நகரம் இடியவில்லை.

நெஸு தாட்ஸுஹிகோ, வயது நாற்பத்தெட்டு.
இருபது வருடமாக ராட்சத மிருகம்.
முதுகில் ஜிப், கழுத்தில் இரண்டு ஓட்டை,
முப்பத்தெட்டு கிலோ ரப்பர்.
ஆள் பாதி ஆடை பாதி என்பார்கள்;
இங்கே ஆடை முழுசு,
ஆள், உள்ளே வியர்க்கும் ஒரு சங்கதி.

பன்னிரண்டு நிமிடப் படம்.
முகம் வேண்டாம் என்றார்.
சரி, கை போதும் என்றோம்.
பார்லி தேநீர்க் கோப்பையைப் பிடிக்கும்போது
கை நடுங்குகிறது. அதை வைத்திருக்கிறேன்.

அன்று அவர் மிதிக்க வேண்டியது
ஒரு வங்கி, ஒரு தபால் நிலையம்,
பதினோரு மின்கம்பம்.
அந்தக் குட்டி நகரைக் கட்டியவள் கன்பாரா ஓரியே.
ஒன்பது நாள் வேலை.
அதில் அவளுக்கு வருத்தமொன்றுமில்லை,
"நல்லா மிதிங்க" என்று சொல்லிவிட்டுத்தான்
விளக்குகளுக்குப் பின்னால் போய் நின்றாள்.

முதல் டேக்கில் மிருகம்
தபால் நிலையத்தைத் தாண்டிப் போயிற்று.
இரண்டாவதிலும்.
மூன்றாவதில் ஒற்றைக் காலில் தள்ளாடி
வானத்தின் மேல் சாய்ந்தது.
வானம் கிழிந்தது. துணிதானே.
இயக்குநர் கத்தியது என்னிடம் இருக்கிறது,
ஒலி கொஞ்சம் உடைந்து.

தலையைக் கழற்றியபின் கேட்டேன், ஏன் என்று.
நாற்பத்தோரு விநாடி அவர் பேசவில்லை.
மின்விசிறி. தூரத்தில் யாரோ பசை டின்னைத் திறக்கும் ஓசை.
பிறகு:
"தபால் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சைக்கிள்.
பூட்டியிருந்தது.
பூட்டியிருந்தால் யாரோ திரும்பி வருவார்கள், இல்லையா?"

எந்தக் கேமராவுக்கும் எட்டாத மூலையில்
கட்டைவிரல் நீள சைக்கிள்.
அதற்குப் பூட்டு வேறு.
ஓரியேயிடம் கேட்டால்,
பூட்டாமலா விட்டுவிட்டுப் போவார்கள் என்கிறாள்.

தயாரிப்பாளர் ஹாமுரா சொல்கிறார்:
எட்டு விநாடிக்கு மேல் சும்மா இருந்தால்
ஜனங்கள் பூனை வீடியோவுக்குப் போய்விடுவார்கள்.
முப்பத்து மூன்றை வெட்டு.
வெட்டினேன். ஓட்டிப் பார்த்தேன்.
நெஸு டக்கென்று பதில் சொல்லும் புத்திசாலியாகிவிட்டார்.
திரும்ப ஒட்டினேன்.

நான்காவது டேக் ஓகே.
தபால் நிலையம் அப்பளம்.
இடிபாட்டை ஒவ்வொரு சட்டகமாக நகர்த்துகிறேன்:
தூசி, கம்பி, சிவப்புத் தபால்பெட்டி.
சைக்கிள் இல்லை.

மூன்றாவது டேக்குக்கும் நான்காவதுக்கும் நடுவே
கிழிந்த வானத்தைத் தைத்துக்கொண்டிருக்கிறார்கள்.
சட்டகத்தின் ஓரத்தில் ஒரு கை
உள்ளே வருகிறது, வெளியே போகிறது,
லேசாக நடுங்கியபடி.
பெரிதாக்கவில்லை.

பதிவேற்றும் பட்டனை அழுத்திவிட்டு
மழைக்கோட்டைத் தேடுகிறேன்.
ஸ்டேஷன் பக்கம் என் சைக்கிள்
நேற்றிலிருந்து நிற்கிறது.
பூட்டினேனா என்று ஞாபகமில்லை.